வற்றிய அமுதசுரபி: நவுறுவும் திக்கோப்பியாவும்

உயர்தர வகுப்பில் மணிமேகலை படிப்பித்துக்கொண்டிருந்தேன். மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்து சேரும் கட்டம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அப்படி ஒரு பாத்திரம் ஒரு தீவுச் சனங்களுக்கு உண்மையாகவே கிடைத்திருந்தால் அதுகள் என்ன செய்திருக்குங்கள்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேயர்களே, அப்படி ஒரு பாத்திரம் கிடைத்த தீவு ஒன்று உண்டு. நவுறு என்பது அதன் பெயர். பசுபிக் சமுத்திரத்தில், பூமத்திய கோட்டுக்குச் சற்றே தெற்கே கிடக்கிறது. பரப்பு 21 சதுர கிலோமீற்றர். எங்கள் நெடுந்தீவின் பாதிகூட இல்லை. அதற்கு ஏறத்தாழ நேர் தெற்கே, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் கடல் கடந்தால், சொலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில் திக்கோப்பியா என்று இன்னொரு தீவு. அது 5 சதுர கிலோமீற்றர் அளவினது. நயினாதீவைவிடச் சற்றே பெரிது. நயினாதீவைத்தான் மணிபல்லவம் என்று நம்மிற் பலர் கொள்வர். திக்கோப்பியாவுக்கோ எந்தப் பாத்திரமும் கிடைக்கவில்லை. நான் புவியியல் ஆசிரியன் அல்லன். ஆயினும் அந்த மாணவனுக்கு விடை சொல்லவேண்டும் என்பதற்காக இவ்விரு தீவுகளையும் பற்றி வாசித்தவற்றை இங்கே சொல்லத் துணிகிறேன்.

முதலில் நவுறு. தீவின் கரையோரமாக ஒடுங்கிய ஒரு நிலப்பட்டி. அதிலேதான் தென்னையும் வீடுகளும். நடுவே மேட்டுநிலம். அந்த மேட்டின் ஒரு பள்ளத்தில் புவாடா என்னும் சிறு ஏரி. ஆறு கிடையாது, மழை பொய்த்தால் வறட்சி. பன்னிரண்டு குலங்களாக வாழ்ந்த அம்மக்கள் பட்டினிக்கு வழி தேடி வைத்திருந்தார்கள். தாழம்பழத்தின் சதையைப் பதப்படுத்திச் சேமித்தார்கள். கடற்கரைப் பாறைகளிடையே பாலைமீன் குஞ்சுகளைப் பிடித்து, மெல்ல மெல்ல நன்னீருக்குப் பழக்கி, புவாடா ஏரியில் விட்டு வளர்த்தார்கள். ஏரியிலே குடும்பத்துக்குக் குடும்பம் பங்கு இருந்தது. எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. 1878 முதல் பத்தாண்டு காலம், ஐரோப்பிய வணிகர்களிடம் வாங்கிய துவக்குகளை வைத்துக்கொண்டு தங்களுக்குள் சுட்டு மடிந்தவர்களும் இவர்களே. 1888இல் ஜேர்மனி தீவைத் தன் உடைமையாக்கியது.

பாத்திரம் வெளிப்பட்ட கதை விசித்திரமானது. சிட்னி நகரில் பசுபிக் தீவுக் கொம்பனி ஒன்றின் கந்தோர்க் கதவு சாத்தாமல் இருக்க, நவுறுவிலிருந்து யாரோ கொண்டுவந்த கல் ஒன்றை அண்டை கொடுத்திருந்தார்கள். கல்லாகிப்போன மரத்துண்டு என்பது அவர்கள் எண்ணம். 1899இல் அங்கே வேலைக்கு வந்த அல்பேர்ட் எல்லிஸ் என்பவர் அதைச் சோதித்துப் பார்த்தார். அது உயர்தரப் பொஸ்பேற்று! பசளைக்கு இதைவிட மேலான மூலப்பொருள் கிடையாது. நவுறுவின் மேட்டுநிலம் முழுவதும் இந்தக் கல்லும் மண்ணுமே என்று பிறகு தெரியவந்தது.

1907இல் முதற் கப்பல் புறப்பட்டது. வெட்டுவதற்குச் சீனாவிலிருந்தும் கில்பேர்ட் தீவுகளிலிருந்தும் கூலியாட்கள் வந்தார்கள். நிலச் சொந்தக்காரனுக்கு ஆரம்பத்திற் கிடைத்த பங்கு தொன் ஒன்றுக்கு அரைப் பென்னி. முதலாம் உலகப்போரில், 1914இல், அவுஸ்திரேலியா தீவைக் கைப்பற்றியது. போர் முடிந்ததும் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றும் கூடிப் 'பிரித்தானிய பொஸ்பேற் ஆணையாளர்கள்' என்ற அமைப்பை ஏற்படுத்தி, 42, 42, 16 என்று நூற்றுவீதம் பிரித்துக்கொண்டன. உலகச் சந்தை விலைக்கல்ல, உற்பத்திச் செலவுக்கே பசளைக்கல் இந்நாடுகளுக்குப் போயிற்று. அவுஸ்திரேலியக் கோதுமை வயல்களிலும் நியூசிலாந்தின் புற்றரைகளிலும் விளைந்ததில் நவுறுவின் மண் இருக்கிறது என்பது மிகைக்கூற்றல்ல.

பொஸ்பேற்று எடுத்த இடத்தைப் பார்த்தவர்கள் அது சந்திரனின் தரை போன்றது என்று எழுதுகிறார்கள். முருகைக்கற்களின் இடுக்குகளிலே படிந்திருந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டால், ஆளுயரத்துக்கும் மேலாகக் கூர் கூராகக் கற்றூண்கள் மட்டும் நிற்கும். காங்கேசன்துறைப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பள்ளங்களைக் கண்டவர்கள் ஓரளவு மனக்கண்ணிற் கொண்டுவரலாம். ஆனால் அது ஒரு நாட்டின் ஒரு மூலை. நவுறுவில் நாட்டின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு.

இரண்டாம் உலகப்போரில் யப்பானியர் வந்தனர். 1943இல் 1200 நவுறு மக்களை துருக் தீவுகளுக்கு நாடு கடத்தினர். 1946 ஜனவரி 31ஆம் நாள் உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர். சுதந்திர தினத்துக்கும் அந்த நாளையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்: 1968 ஜனவரி 31. இடையில், 1960களில், "உங்கள் தீவு இனி வாழத் தகாது, குயின்ஸ்லாந்துக் கரையிலுள்ள கேர்ட்டிஸ் தீவுக்கு வந்துவிடுங்கள்" என்று அவுஸ்திரேலியா அழைத்தது. தனி மக்களாக, தம் ஆட்சியோடு வாழ முடியாதென்றால் வரமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். தலைமை தாங்கியவர் ஹமர் டி ரொபேர்ட். அவரே முதல் சனாதிபதியுமானார். இடம்பெயர்வு என்றால் என்ன என்று அறிந்த நமக்கு அந்த மறுப்பின் கனம் தெரியும்.

பின்னர் சுரங்கம் அவர்கள் கைக்கே வந்தது. 1970களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளுள் ஒன்றாக நவுறு நின்றது. வருமான வரி இல்லை. வைத்தியமும் கல்வியும் இலவசம். மெல்பேர்ண் நகரில் 52 மாடிக் கட்டடம் ஒன்றை 1977இல் எழுப்பினார்கள். சொந்த விமான சேவை நடத்தினார்கள். 1993இல் இலண்டனில் லியனார்டோ டா வின்சியைப் பற்றிய ஓர் இசைநாடகத்துக்கும் பணம் போட்டு இழந்தார்கள். உணவு கப்பலில் வந்தது. அரிசி, மா, தகரத்தில் அடைத்த இறைச்சி. பொஸ்பேற்று ஏற்ற வரும் கப்பல்கள் குடிநீரும் கொண்டுவந்த காலம் உண்டு. 1960களில் ஏரியில் விடப்பட்ட திலாப்பியா மீன் பெருகிப் பாலைமீன் வளர்ப்பைக் கெடுத்தது. அதைப் பற்றிக் கவலைப்படவேண்டிய தேவை அப்போது யாருக்கும் இருக்கவில்லை. நீரிழிவு மட்டும் வீட்டுக்கு வீடு வந்தது. உலகிலே அந்நோய் மிக அதிகமான இடங்களில் ஒன்றாக அத்தீவு பேசப்பட்டது.

2000ஆம் ஆண்டை அடுத்து இலகுவாக எடுக்கக்கூடிய பொஸ்பேற்று முடிந்தது. முதலீடுகள் கரைந்தன. மெல்பேர்ண் கட்டடம் 2004இல் விற்கப்பட்டது. விமானமும் கடனுக்குப் போயிற்று. 2001 தொடக்கம், அவுஸ்திரேலியாவை நாடி வந்த அகதிகளைத் தடுத்து வைக்கும் இடமாகத் தீவு வாடகை பெற்றது. அவர்களிடையே நம் நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை நான் இங்கு சொல்லாமற்போக முடியவில்லை.

இனித் திக்கோப்பியா. 1928இல் றேமண்ட் பேர்த் என்ற மானிடவியலாளர் அங்கே போய் ஓராண்டு தங்கினார். அவருடைய நூல்களால் அந்தச் சின்னஞ்சிறு தீவு உலகப் பல்கலைக்கழகங்களெல்லாம் அறிந்த பெயராயிற்று. அவர் கண்டபோது சனத்தொகை சுமார் 1300. தீவைத் தூர நின்று பார்த்தாற் காடு போலிருக்கும். உள்ளே போனாற் காடல்ல, தோட்டம். மேலே தென்னையும் ஈரப்பலாவும். அவற்றின் நிழலில் சிறு மரங்கள். அடியிலே சேம்பு முதலான கிழங்கு வகைகள். ஒரே நிலத்தில் மூன்று தட்டு விளைச்சல். வீட்டு வளவுக்குள்ளே பலா, கமுகு, வாழை, இராசவள்ளி என்று அடுக்கி வைத்த நமது ஆச்சிமாருக்கு இது புதினமாக இராது. ஈரப்பலாவை இலை பரப்பிய குழிகளில் இட்டுப் புளிக்கவைத்து, புயல் அடித்தால் உண்பதற்கென்று நிலத்தடியிற் சேமித்தார்கள். நான்கு தலைவர்கள் உண்டு. ஒரு வளத்தைத் தொடக்கூடாதென்று தலைவர் தடை போட்டால் அதை மீறுவது எளிதல்ல.

அவர்கள் ஆதியிலிருந்தே ஞானிகளாக இருந்தார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. பற்றிக் கேர்ச், டக்ளஸ் யென் ஆகிய இருவரும் 1977-78இல் அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 2900 ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறியவர்கள், காட்டை எரித்தும் பறவைகளையும் ஆமைகளையும் கொன்று தின்றும் நல்லாய்த்தான் அழித்திருக்கிறார்கள். அழிவு கண்முன்னே தெரியத் தெரியத்தான் தோட்டத்துக்கு மாறினார்கள். ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டில் பன்றி வளர்ப்பை அடியோடு நிறுத்திவிட்டார்கள். பசுபிக் தீவினருக்குப் பன்றி என்றால் செல்வம், விருந்து, கௌரவம். அது தோட்டத்தைக் கிண்டுகிறது என்பதற்காக ஒரு சமூகமே அதைக் கைவிட்டது என்பது சிறிய காரியமல்ல.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். நிலம் தாங்காதென்று தம்பிமார் பலர் மணமுடிக்காமலே இருந்தார்கள். கருவழிப்பும், பிறந்த சிசுவைக் கொல்வதும் நடந்ததைப் பேர்த் பதிந்திருக்கிறார். இளைஞர்கள் தோணியேறிக் கடலில் மறைந்துபோனார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. 1952இலும் 1953இலும் புயல்கள் அடித்துப் பஞ்சம் வந்தபோது பேர்த்தே மறுபடி அங்கிருந்தார். சனத்தொகை 1750 அளவிலே பெருகியிருந்தது. களவு மிகுந்தது, உறவினருக்குச் சோறிடும் வழமை சுருங்கியது. அதன்பின் ஒரு பகுதியினர் சொலமனின் வேறு தீவுகளுக்குத் தோட்டத் தொழிலுக்குப் போய் அங்கே ஊர் அமைத்துக்கொண்டார்கள். இதைச் சொர்க்கம் என்று எழுதுபவர்கள் அந்தத் தம்பிமாரை மறந்துவிடுகிறார்கள்.

அதேபோல் நவுறுவைச் சோம்பேறிகளின் கதையாகச் சொல்வதும் எனக்கு உடன்பாடல்ல. பாத்திரம் அறுபது ஆண்டுகள் அவர்கள் கையில் இருக்கவில்லை. எவ்வளவு அள்ளுவது என்பதை இலண்டனிலும் மெல்பேர்ணிலும் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள். சுதந்திரத்துக்கு முன்பே, வெட்டத்தக்க நிலத்தில் மூன்றிலொரு பங்கு வெட்டப்பட்டுவிட்டது. அதை யார் திருத்தித் தருவது என்று கேட்டு 1989இல் நவுறு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1993இல் அவுஸ்திரேலியா 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் தர உடன்பட்டது. அதற்குப் பிந்திய ஊதாரித்தனத்துக்கு அவர்களே பொறுப்பு, மறுக்கமுடியாது. ஆனால் பட்டினிக்கு மீன் வளர்த்துவைத்த அதே மக்கள்தாம் இவர்கள். திக்கோப்பியர் மலையேறி நின்றால் தம் உணவின் எல்லை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. நவுறுவில் உணவு அடிவானத்துக்கு அப்பாலிருந்து வந்தது.

பொஸ்பேற்று நமக்கும் அந்நியமானதல்ல. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இற் கண்டறியப்பட்ட படிவம் அதே சரக்குத்தான். 1990களில் அதை வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றோடு சேர்ந்து சில பத்தாண்டுகளுக்குள் அகழ்ந்து முடிக்கும் திட்டம் வந்தபோது ஊரவர்கள் உயர்நீதிமன்றம் சென்றார்கள். 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு, முறையான ஆய்வுகள் செய்யாமல் அவ்வொப்பந்தம் கூடாதென்று நிறுத்தியது. அந்த ஊர்க்காரர் நவுறுவைப் பற்றி அறிந்திருந்தார்களோ என்னவோ.

மாணவனிடம் இவ்வளவையும் சொல்லி முடிக்க இரண்டு பாடவேளை பிடித்தது. "இப்ப அந்தத் திக்கோப்பியா இருக்குதா, சேர்?" என்று கேட்டான். 2002 டிசம்பர் இறுதியில் 'சோயி' என்ற கொடும் புயல் அத்தீவை நேரே தாக்கியது. நாட்கணக்கில் வெளியுலகத் தொடர்பு இல்லை. எல்லாரும் மாண்டிருப்பர் என்றே அஞ்சினார்கள். போய்ப் பார்த்தபோது மரங்கள் மொட்டையாய் நின்றன. வீடுகள் பல கடலோடு போயிருந்தன. மனிதர் ஒருவரும் இறக்கவில்லை. குகைகளிலும் பாறைச் சரிவுகளின் கீழும் ஒதுங்கியிருந்தார்கள். ஆனால் தீவின் நன்னீர் ஏரிக்கும் கடலுக்கும் இடையிலிருந்த மணற்றிடல் உடைந்து, உப்புநீர் உள்ளே புகுந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குப் பின், வெளியார் சிலரின் உதவியோடு, அந்த உடைப்பைக் கற்கள் நிரப்பி அவர்களே அடைத்தார்கள்.