இத்தாலியின் பழைய மோட்டார் வண்டிகளும் அவற்றின் விலையும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. யானையைக் குறித்து நம் முன்னோர் சொன்ன இச்சொல், இத்தாலிய நாட்டில் பிறந்த சில மோட்டார் வண்டிகளுக்கும் இன்று பொருந்தி வருகிறது. 2023 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மான்டரே நகரில் நடைபெற்ற ஏலமொன்றில் ஒரு ஃபெராரி விற்பனைக்கு வந்தது. அதனை வண்டி என்று அழைப்பது மரியாதை கருதியே ஆகும். 1954-ஆம் ஆண்டில் செய்யப்பட்டு, பந்தயங்களில் ஓடி, 1960-களில் விபத்துக்குள்ளாகி எரிந்துபோன அது, நசுங்கிக் கருகிய வெறும் உலோகக் கூடாகவே மக்கள் முன் வைக்கப்பட்டது. இருக்கை இல்லை, கண்ணாடி இல்லை, பிறக்கும்போது பூட்டிய எஞ்சினும் அதில் இல்லை. ஆயினும் 18 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு அது விலை போயிற்று.

இதைக் கேட்கும்போது, இப்பணத்தைக் கொடுத்தவர் எதை வாங்கினார் என்ற வினா எவருக்கும் எழும். ஓட்டிச் செல்ல அது உதவாது. உலோகத்தின் எடைக்கு விலை மதித்தால் சில நூறு டாலர்கூடத் தேறாது. இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமானால், வட இத்தாலியின் பட்டறைகளுக்கும் பந்தயச் சாலைகளுக்கும் நாம் சென்று வருதல் வேண்டும்.

டூரின் நகரில் 1899-இல் ஃபியட் நிறுவனம் தோன்றியது. அதே நகரில் 1906-இல் லான்சியா எழுந்தது. மிலான் நகரில் 1910-இல் ஆல்ஃபா பிறந்தது. பின்னர் நிக்கோலா ரோமியோ என்பவர் கைக்கு வந்து, ஆல்ஃபா ரோமியோ என்று பெயர் பெற்றது. பொலோனா நகரில் 1914-இல் மாசெராட்டி உடன்பிறந்தார் தம் பட்டறையைத் திறந்தனர். இவற்றுள் ஃபியட் பெருந்திரளான மக்களுக்காக வண்டிகளைச் செய்தது. மற்றவை எண்ணிக்கையில் சிறியவை. வேகத்தையும் அழகையும் நாடியவை.

அந்நாளில் ஒரு முறை வழக்கத்தில் இருந்தது. நிறுவனத்தார் சட்டகத்தையும் எஞ்சினையும் மட்டும் செய்து தருவர். மேற்கூட்டை வேறொரு பட்டறையார் கட்டுவர். நம் ஊர்களில் லாரிக்குப் பாடி கட்டுவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். குதிரை வண்டி கட்டிய குடும்பங்களே பல இடங்களில் இத்தொழிலுக்கு மாறின. மிலானில் 1926-இல் தோன்றிய டூரிங் என்னும் பட்டறை, மெல்லிய எஃகுக் குழாய்களால் எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டம் அமைத்து, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தும் முறையைக் கண்டது. சூப்பர்லெஜரா, அதாவது மிக இலேசானது, என்று அதற்குப் பெயரிட்டனர். தகட்டை மரக்கட்டையின் மேலும் மணல் மூட்டையின் மேலும் வைத்துக் கையாலேயே தட்டி வளைத்தனர். ஆதலால் ஒரே வகையைச் சேர்ந்த இரு வண்டிகள்கூட அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இரா.

இந்தக் கைவேலையின் சிறப்புக்கு 1930-களின் ஆல்ஃபா ரோமியோ 8சி 2900 ஓர் எடுத்துக்காட்டு. விட்டோரியோ யானோ என்னும் பொறிவல்லார் வகுத்த எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்டது அது. 1938-ஆம் ஆண்டின் மில்லே மிலியா பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களையும் அவ்வகை வண்டிகளே பெற்றன. செய்யப்பட்டவை ஏறத்தாழ நாற்பது மட்டுமே. அவற்றுள் டூரிங் பட்டறையார் கூடு கட்டிய ஒன்று, 2016-இல் 1 கோடியே 98 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது.

போருக்குப் பின் இக்கலை உலகின் கண்ணில் பட்டது. பினின் ஃபரினா வடிவமைத்த சிசிட்டாலியா 202 என்ற சிறு வண்டி, 1951-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் நடத்திய மோட்டார் வண்டிக் கண்காட்சியில் இடம்பெற்றது. ஓவியமும் சிற்பமும் வைக்கும் மண்டபத்தில் மோட்டார் வண்டியை வைத்தது அந்நாளில் புதுமை. பின்னர் அக்கலைக்கூடம் 1972-இல் அவ்வகை வண்டியொன்றைத் தன் நிலையான உடைமையாகவே ஏற்றுக்கொண்டது.

எனினும், அழகு மட்டும் இவ்வளவு விலையைத் தந்துவிடவில்லை. பந்தயமே இவ்வண்டிகளுக்குப் பெயரைத் தந்தது. மில்லே மிலியா என்றால் ஆயிரம் மைல் என்பது பொருள். பிரேஷியா நகரில் புறப்பட்டு, உரோமை அடைந்து, மீண்டும் பிரேஷியாவுக்கே திரும்பும் அப்பந்தயம் 1927-இல் தொடங்கியது. தனியே அமைத்த களம் எதுவும் இல்லை; ஊர்களின் ஊடாகச் செல்லும் பொதுச் சாலைகளிலேயே வண்டிகள் பறந்தன. 1957 மே மாதம் குயிதித்ஸோலோ என்ற சிற்றூருக்கு அருகே ஃபெராரி 335 எஸ் ஒன்றின் சக்கரம் வெடித்து, வண்டி கூட்டத்தினுள் பாய்ந்தது. ஓட்டியவரும் உடன் சென்றவரும் இறந்தனர். வேடிக்கை பார்த்து நின்றவர்களில் ஒன்பது பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அத்துடன் அப்பந்தயம் நிறுத்தப்பட்டது. என்ஸோ ஃபெராரி மீது வழக்கு நடந்து, 1961-இல் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

அதே பந்தயத்தில் ஓடிய மற்றொரு 335 எஸ், 2016-இல் பாரிஸ் ஏலத்தில் 3 கோடியே 20 லட்சம் யூரோவுக்கு மேல் விலை போயிற்று. ஏலப் பட்டியல்கள் வெற்றிகளை வரிசையாக எழுதுகின்றன. சாலையோரத்தில் நின்ற குழந்தைகளுக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது அரிது. வரலாற்றுக்கு விலை கொடுக்கும்போது எந்த வரலாற்றுக்குக் கொடுக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இனி, எல்லாரும் முதலாவதாகச் சொல்லும் வண்டிக்கு வருவோம். என்ஸோ ஃபெராரி 1898-இல் மொடேனாவில் பிறந்தவர். ஆல்ஃபா ரோமியோவுக்காகப் பந்தயக் குழு நடத்தி, பின் பிரிந்து, மரனெல்லோ என்னும் சிற்றூரில் தொழிற்சாலை அமைத்து, 1947-இல் தம் பெயர் தாங்கிய முதல் வண்டியை ஓடவிட்டார். 1962-இல் வெளிவந்தது 250 ஜி.டி.ஓ. மூன்று லிட்டர் கொள்ளளவும் பன்னிரண்டு சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின். ஏறத்தாழ 300 குதிரைத்திறன். ஜோத்தோ பித்ஸரீனி தொடங்கிய வேலையை, அவர் நிறுவனத்தை விட்டு நீங்கியபின், மவுரோ ஃபொர்கியேரி என்ற இளைஞர் முடித்தார். மொடேனாவின் ஸ்கலியேத்தி பட்டறையார் கூடு கட்டினர்.

அப்பெயரின் இறுதி எழுத்து, ஒமொலொகாத்தோ என்ற இத்தாலியச் சொல்லைக் குறிப்பது. ஒப்புதல் பெற்றது என்பது அதன் பொருள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவ்வகைப் பந்தயத்தில் கலந்துகொள்ள ஒரு வண்டியை நூறு என்ற எண்ணிக்கையில் செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஃபெராரி செய்தவை 36 மட்டுமே. இது புது வண்டி அன்று, முன்பே செய்துவந்த வண்டியின் வளர்ச்சியே என்று வாதாடி ஒப்புதல் பெற்றனர். 1962, 1963, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகப் பட்டத்தையும் வென்றனர். அடுத்து வந்த 250 எல்.எம். வண்டிக்கு அதே வாதத்தைச் சொன்னபோது அதிகாரிகள் இணங்கவில்லை. ஆக, விதியைச் சற்றே வளைத்ததால் உண்டான குறைந்த எண்ணிக்கையே, பிற்காலத்தில் பெருவிலைக்குக் காரணமாயிற்று.

புதிதாக வந்தபோது அதன் விலை அமெரிக்காவில் 18,000 டாலர். பந்தய வண்டிக்கு ஆயுள் குறைவு. புதிய வகைகள் வந்ததும் பழையதை எவரும் பொருட்படுத்தவில்லை. அவற்றுள் ஒன்றை அதன் உரிமையாளர் டெக்ஸாஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். மாணவர்கள் பழுது பார்க்கக் கற்பதற்கு அது பயன்பட்டது. 1972-இல் பள்ளியார் அதை 6,500 டாலர் அளவில் விற்றுவிட்டனர். வாங்கியவரோ அதனை ஒஹையோ மாநிலத்தில் திறந்த வெளியில் பல ஆண்டுகள் மழையிலும் பனியிலும் விட்டுவைத்தார்.

1988-இல் என்ஸோ ஃபெராரி தம் 90-ஆம் வயதில் மறைந்தார். ஜப்பானியரின் செல்வம் பெருகியிருந்த காலம் அது. பழைய வண்டிகளின் மேல் பணம் வந்து குவிந்தது. 1989-இல் ஜி.டி.ஓ. ஒன்று ஒரு கோடி டாலரைக் கடந்து கைமாறியது. சில ஆண்டுகளுக்குள் சந்தை சரிந்து, விலை நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. கடன் வாங்கி வண்டி வாங்கியவர்கள் அந்நாளில் பட்ட பாடு சிறிதன்று. பின்னர் விலை மெல்ல மெல்ல ஏறியது. 2014-இல் 3 கோடியே 81 லட்சம் டாலர். 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலர். இதே குடும்பத்தைச் சேர்ந்ததும், தொழிற்சாலையாரே பந்தயத்தில் ஓட்டியதுமான ஒரு வண்டி, 2023 நவம்பரில் நியூயார்க்கில் 5 கோடியே 17 லட்சம் டாலரை எட்டியது. அதிகாரிகள் இசைவு தராமற்போன 250 எல்.எம். வகையிலும், 1965-இல் லெமான்ஸ் பந்தயத்தை வென்ற வண்டி, 2025 பிப்ரவரியில் பாரிஸில் 3 கோடியே 48 லட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது.

இவ்விலைகளை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒரே வகை வண்டிகளுக்குள்ளும் விலை வேறுபடுகிறது. எந்தப் பந்தயத்தில் ஓடியது, யார் ஓட்டினார், யார் யாரிடம் இருந்தது, பிறந்தபோது பூட்டிய எஞ்சின் இன்னும் உள்ளதா, சட்டகத்தில் பொறித்த எண் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்திருக்கிறதா என்பனவெல்லாம் ஆராயப்படுகின்றன. ஃபெராரி நிறுவனமே பழைய வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்க மரனெல்லோவில் ஒரு பிரிவை நடத்தி வருகிறது. மில்லே மிலியாவும் 1977-இல் வேகப் போட்டியாக அன்றி, நேரக் கணக்குப் பிறழாமல் ஓட்டும் பயணமாகப் புத்துயிர் பெற்றது. பழைய பந்தயத்தில் கலந்துகொண்ட வகைகளுக்கே அதில் இடம் உண்டு என்பதால், அத்தகுதி பெற்ற வண்டிகளின் மதிப்பும் உயர்ந்தது. எரிந்துபோன கூட்டை வாங்கியவர் பெற்றதும் இத்தகைய ஒரு வரலாறுதான். 1954-இல் மில்லே மிலியாவில் ஓடிய வண்டி இதுவே என்னும் அடையாளத்திற்கு அவர் விலை கொடுத்தார்.

அடையாளத்திற்கு விலை ஏற ஏற, போலிகளும் பெருகின. ஆவணங்களை மொழிபெயர்த்தே காலம் கழித்த என்னைப் போன்றோர்க்கு, மூலத்திற்கும் நகலுக்கும் உள்ள வேறுபாடு அன்றாட அனுபவம். நகல் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் மூலம் பத்திரமாகவே இருக்கும். மோட்டார் வண்டியில் நிலைமை அப்படி இல்லை. ஃபெராரி 250 ஜி.டி.இ. என்பது நால்வர் அமரும் வண்டி. ஏறத்தாழ 950 செய்யப்பட்டன. எஞ்சின் ஜி.டி.ஓ.வின் இனத்தைச் சேர்ந்தது; விலையோ நெடுங்காலம் மலிவாக இருந்தது. ஆகவே அவ்வண்டிகள் பலவற்றின் கூட்டைக் கழற்றி எறிந்து, சட்டகத்தைக் குறுக்கி, ஜி.டி.ஓ. போன்ற புதுக் கூட்டைப் பூட்டினர். ஒரு நகல் உண்டாவதற்கு ஓர் அசல் அழிந்தது. எஞ்சிய ஜி.டி.இ. வண்டிகள் குறைந்துவிட்ட இன்று, அவற்றையும் மக்கள் தேடுகின்றனர்.

2019-இல் பொலோனா நீதிமன்றம் ஜி.டி.ஓ.வின் வடிவத்தைக் கலைப்படைப்பு என்று ஏற்று, அதனை நகல் செய்வதற்குத் தடை விதித்தது. அதற்கு முன்பே, பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் டூரின் சாசனம் என்றொரு நெறிமுறையை ஏற்றிருந்தது. பழமையின் சுவடுகளை அழித்துப் புதிதுபோல் பளபளக்கச் செய்வதைக் காட்டிலும், உள்ளதை உள்ளவாறு காத்தலே சிறந்தது என்பது அதன் சாரம். கோயில் சுவரின் கல்வெட்டைச் சுரண்டிவிட்டு வெள்ளையடிப்பதைக் கண்டு வருந்தும் நமக்கு இந்நெறியின் அருமை விளங்காமற் போகாது.

இத்தாலிய வண்டி நம் நாட்டுக்குப் புதியதன்று. 1950-களிலேயே பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தார் ஃபியட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கினர். ஃபியட் 1100 என்னும் வண்டி பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்ற பெயருடன் பல்லாயிரம் வீடுகளின் வாயிலில் நின்றது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சியாகவும் ஓடியது. அந்த டாக்சிகளுள் இறுதியானது 2023 அக்டோபரில் சாலையை விட்டு நீங்கியது. அவற்றுக்குக் கோடி கொடுத்து வாங்குவோர் எவரும் இல்லை. எண்ணிக்கை மிகுதி, பந்தயப் புகழும் இல்லை. ஆனால் திருமண ஊர்வலங்களையும் மருத்துவமனைக்கு விரைந்த நள்ளிரவுகளையும் சுமந்தவை அவை.

சந்தை அரிய பொருளுக்கு விலை சொல்லும். அது அதன் இயல்பு. எனினும் டெக்ஸாஸ் பள்ளிக்கூடத்தில் நின்றிருந்த அந்த ஜி.டி.ஓ.வை நாம் மறத்தல் ஆகாது. 6,500 டாலருக்கு விலை போன அன்றும் அது இதே எஞ்சினையும் இதே பந்தய வரலாற்றையும் உடையதாகவே இருந்தது. அதனை மதிக்கத் தெரிந்தவர்களே அன்று இல்லை. இன்று நம் வீட்டுக் கொட்டகைகளிலும் பழைய பட்டறைகளிலும் பயனற்றவை என்று ஒதுக்கப்பட்டிருக்கும் பொருள்களுக்கும், அவற்றைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார், எவர் கையில் இருந்தது என்ற குறிப்பை எழுதி வைப்போமானால், விலை வந்தாலும் வராவிட்டாலும் வரலாறு எஞ்சி நிற்கும்.