ஊரார் பிள்ளைகளைத் தின்றவள் தாயான கதை

போன எபிசோட்ல ஜாவாவின் போரோபுதூரைப் பார்த்தோம்ல? அங்கிருந்து கிழக்கே சுமார் 3 கிலோமீட்டர் போனா மெண்டுட். 9-ஆம் நூற்றாண்டு பௌத்தக் கோயில். உள்ளே இருக்கிற 3 மீட்டர் உயர புத்தரைப் பார்க்கத்தான் எல்லாரும் போவாங்க. அதுக்கு முன்னாடி, வாசலைத் தாண்டினதும் பக்கச் சுவரைப் பாருங்க. ஒரு அம்மா குழந்தையோட உட்கார்ந்திருக்கா. சுத்தியும் பிள்ளைகள். சிலது மரத்துல ஏறி விளையாடுது.

அவள் பெயர் ஹாரீதி. கதைப்படி அவளுக்கு 500 பிள்ளைகள். ஆனா ஊரார் பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போய்த் தின்கிற யட்சி. புத்தர் அவளோட கடைக்குட்டியைத் தன் பிச்சைப் பாத்திரத்துக்குள்ள மறைச்சு வைக்கிறார். தேடி அலைஞ்சு, கடைசியில அழுதுகிட்டே அவர்கிட்ட வர்றா. 500-ல ஒண்ணு காணாமப் போனதுக்கே நீ இப்படித் துடிக்கிறியே, ஒண்ணே ஒண்ணு வச்சிருந்து பறிகொடுத்தவங்க என்ன பாடுபட்டிருப்பாங்க என்று கேட்கிறார். அன்னியிலிருந்து அவள் குழந்தைகளுக்கெல்லாம் காவல்.

தாய்த் தெய்வம்னாலே பிள்ளைப்பேறு, பால், விளைச்சல்னுதான் நமக்குத் தோணும். ஹாரீதி 500 பெற்றும் தெய்வமாகலை. அடுத்தவளோட வலி புரிஞ்ச பிறகுதான் ஆனாள். மெண்டுட் சிற்பி அவளோட பழைய முகத்தைச் செதுக்கவே இல்லை. சுத்தி நிற்கிற பிள்ளைகள்ல எது அவள் பெத்தது, எது ஊரார் பிள்ளைன்னு பார்த்தா தெரியாது.