ஆகாயத்தில் ஒரு வீடு – 7: எக்ஸ்ரேயில் ஒரு நிழல்

சென்ற வாரம்: உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட் 1, 1971 ஏப்ரல் 19 அன்று விண்ணுக்குப் போனது. அதில் குடியேறக் கிளம்பிய சோயூஸ் 10 குழுவினர் மூவரும் நிலையத்தின் வாசலைத் தொட்டார்கள். ஆனால் இணைப்புக் கருவி சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. கதவைத் திறக்க முடியாமலே ஏப்ரல் 25 அதிகாலையில் பூமிக்குத் திரும்பினார்கள். இனி…

1971 ஜூன் 3. கஜகஸ்தானில் உள்ள பைக்கனூர் ஏவுதளம். சோயூஸ் 11 கிளம்ப மூன்றே நாள்தான் பாக்கி.

வீரர்களுக்குக் கடைசி மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. வருடக்கணக்கில் சலித்துச் சலித்துத் தேர்ந்தெடுத்த உடம்புகள். சடங்குபோல் முடிந்திருக்க வேண்டிய சோதனை. ஆனால் ஒரு எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். வலது நுரையீரலில், கோழிமுட்டை அளவுக்கு ஒரு நிழல்!

படம் வலேரி குபாசோவ் என்ற பொறியாளருடையது. வயது 36. 1969-ல் சோயூஸ் 6-ல் பறந்தவர். விண்வெளியில் உலோகத்தைப் பற்றவைக்க முடியும் என்று உலகிலேயே முதலில் செய்துகாட்டியவர். அவருக்குக் காசநோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

குபாசோவ் போகக் கூடாது. அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. கேள்வி அடுத்ததுதான். அவர் மட்டும் இறங்கினால் போதுமா, அல்லது அவரோடு சேர்ந்து இன்னும் இருவரும் இறங்க வேண்டுமா?

நிழல் விழுந்தது ஒருவர் நெஞ்சில். தலையெழுத்து மாறப்போனதோ ஆறு பேருக்கு. அந்தக் கணக்கு புரிய வேண்டுமென்றால், இவர்களைத் தயார் செய்த ஊருக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

ஆறு பேருக்கும் ஒரே பாடம்

மாஸ்கோவுக்கு வெளியே காட்டுக்குள் ஒளித்துக் கட்டப்பட்டது நட்சத்திர நகரம். வீரர்களின் பயிற்சி மையம் 1960-ல் தொடங்கப்பட்டது. 1968-ல் யூரி ககாரின் விமான விபத்தில் இறந்த பிறகு அவர் பெயரைத் தாங்கி நின்றது. வீரர்களின் குடும்பங்களும் அதே வளாகத்தில்தான் வசித்தன.

பயிற்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உடம்பைப் படுத்தும் இயந்திரங்கள்தான். அவை இல்லாமலில்லை. நீண்ட இரும்புக் கையின் முனையில் மனிதனை உட்காரவைத்துச் சுழற்றும் மையவிலக்கு இயந்திரம் ஒன்று. சோயூஸ் கலம் ஒழுங்காகத் தரையிறங்கினாலே உடம்பு தன் எடையைப் போல நான்கு மடங்கு கனக்கும். பாதை பிசகினால் எட்டு, ஒன்பது மடங்கு. நெஞ்சின் மேல் அத்தனை பாரம் இருக்கும்போது மூச்சு விடுவதே தனி வித்தை. அதை இங்கேதான் கற்க வேண்டும்.

பிறகு சுழல் நாற்காலி. கண்ணை மூடி உட்கார்ந்து, நாற்காலி சுற்றும்போதே தலையை முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். குமட்டாமல் தாக்குப்பிடிப்பவருக்கு மதிப்பெண். அடுத்து டியூ-104 விமானம். உயரே ஏறி, வளைந்து, சரியும்போது உள்ளே இருப்பவர்கள் இருபத்தைந்து வினாடி எடையின்றி மிதப்பார்கள். மறுபடி ஏறும், மறுபடி சரியும். எடையற்ற வாழ்க்கையை இப்படித் துண்டு துண்டாகத்தான் பூமியில் பழக முடிந்தது.

பனிக்காட்டில் பிழைத்திருக்கவும் பயிற்சி உண்டு. அது ஏன் என்று அலெக்ஸி லியோனவைக் கேட்டால் போதும். 1965 மார்ச் 18 அன்று விண்வெளியில் முதன்முதலில் நடந்த மனிதர் அவர். திரும்பும்போது அவரும் பாவெல் பெல்யாயெவும் குறித்த இடத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, யூரல் பகுதியின் உறைபனிக் காட்டில் விழுந்தார்கள். அங்கே இரண்டு இரவுகள் கழித்த பிறகுதான் வெளியே வர முடிந்தது.

இதெல்லாம் தனி மனிதனுக்கான பயிற்சி. நம் கதைக்கு முக்கியமானது சிமுலேட்டர். பார்க்க அச்சு அசல் கலத்தைப் போலவே இருக்கும், ஆனால் தரையை விட்டு ஓரங்குலம்கூட நகராது. உள்ளே மூவர். கலத்தை ஓட்டி நிலையத்தோடு இணைப்பது தளபதியின் வேலை. இயந்திரங்கள் பொறியாளர் பொறுப்பு. தொலைநோக்கி முதலான ஆராய்ச்சிக் கருவிகள் மூன்றாமவர் பொறுப்பு. வெளியே உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கருவியைப் பழுதாக்குவார். உள்ளே விளக்கு எரியும், மணி அடிக்கும். அடுத்த சில வினாடிகளில் மூவரும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் தேர்வு.

மாதக்கணக்கில் இப்படி ஒன்றாக உட்கார்ந்த மூவருக்குள் ஒரு பழக்கம் உருவாகிவிடும். ஒருவர் கை எந்த விசையைத் தொடும் என்று மற்றவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். யார் பதற்றத்தில் கத்துவார், யார் மௌனமாகிவிடுவார் என்பதும் தெரியும். பாடப்புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் கிடையாது. ஆனால் நட்சத்திர நகரம் தயாரித்ததிலேயே விலை மதிப்பு மிக்க சரக்கு இதுதான்.

இந்தச் சரக்கை எப்போதும் இரண்டு படியாகத் தயாரிப்பது அவர்கள் வழக்கம். முதன்மைக் குழு படிக்கும் ஒவ்வொரு பாடத்தையும் மாற்றுக் குழுவும் படிக்கும். அதே தேர்வை எழுதும். ஒவ்வொருவருடைய முதுகுக்கும் அச்செடுத்துத்தான் இருக்கையின் உட்புறத்தைச் செய்வார்கள். மாற்றுக் குழுவுக்கும் அது தயாராக இருக்கும். 1984-ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனது நமக்கெல்லாம் தெரியும். அவரோடு அதே நட்சத்திர நகரில், அதே பயிற்சிகளை முடித்துவிட்டுத் தரையில் நின்ற ரவீஷ் மல்ஹோத்ராவை எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு விஷயம். சோயூஸ் 11-ல் போகும் மூவருக்கும் அழுத்த உடை கிடையாது. மூன்று பேர் அந்த உடையோடு உட்கார கலத்தில் இடம் போதாது. இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

ஒட்டுப் போட்ட குழு

இப்போது ஆறு பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்ப்போம்.

முதன்மைக் குழு: தளபதி லியோனவ், பொறியாளர் குபாசோவ், ஆராய்ச்சிப் பொறியாளர் பியோத்தர் கொலோதின். மாற்றுக் குழு: தளபதி கியோர்கி தொப்ரவோல்ஸ்கி, பொறியாளர் விளாதிஸ்லவ் வோல்கவ், ஆராய்ச்சிப் பொறியாளர் விக்தர் பத்சாயெவ்.

கொலோதினும் தொப்ரவோல்ஸ்கியும் 1963-ல் ஒரே அணியில் தேர்வானவர்கள். எட்டு வருடமாகத் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள். இருவரில் ஒருவர்கூட அதுவரை விண்வெளியைப் பார்த்ததில்லை. குபாசோவும் வோல்கவும் ஒரே வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து 1966-ல் வந்தவர்கள். 1969 அக்டோபரில் அடுத்தடுத்த நாட்களில், ஒருவர் சோயூஸ் 6-லும் இன்னொருவர் சோயூஸ் 7-லும் பறந்தவர்கள்.

மாற்றுக் குழுவில் ஒரு விசித்திரம் உண்டு. வோல்கவுக்கும் பத்சாயெவுக்கும் முதலில் தளபதியாக இருந்தவர் விளாதிமிர் ஷதாலவ். 1971 பிப்ரவரியில் சோயூஸ் 10-ன் தளபதியாக இருக்க வேண்டிய கியோர்கி ஷோனின் நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு ஷதாலவை நகர்த்தினார்கள். ஷதாலவ் விட்டுப்போன நாற்காலிக்கு, பட்டியலில் இன்னும் கீழே இருந்த தொப்ரவோல்ஸ்கியை ஏற்றினார்கள். ஆக, இந்த மூவரும் ஒரு குழுவாகி நான்கு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பறந்த பொறியாளருக்கு, ஒருமுறைகூடப் பறக்காத தளபதி!

அவர்களுடைய பயணம் இதற்கு அடுத்தது. இந்த முறை சும்மா கூட வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜூன் 3 காலைவரை நிலைமை அதுதான்.

ஒருவரா, மூவரா?

விதி தெளிவாக இருந்தது. நட்சத்திர நகரில் இருக்கும்போது ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவரை மட்டும் மாற்றலாம். பைக்கனூருக்கு வந்த பிறகு என்றால் குழுவையே மாற்ற வேண்டும்.

லியோனவ் கொதித்துப்போனார். குபாசோவுக்குப் பதில் வோல்கவைக் கொடுங்கள், நாங்கள் போகிறோம் என்று வாதாடினார். அதில் நியாயமும் இருந்தது. இரண்டு பொறியாளர்களும் ஒரே பாடம் படித்தவர்கள், ஒரே கருவிகளைக் கையாண்டவர்கள். விமானப்படையின் சார்பில் வீரர்களின் பயிற்சிக்குப் பொறுப்பேற்றிருந்த ஜெனரல் நிகலாய் கமானினுக்கும் அது சரியென்றே பட்டது.

எதிர்ப்பக்கம் நின்றவர் தலைமை வடிவமைப்பாளர் வசிலி மிஷின். மூவரும் போக வேண்டும், இல்லையென்றால் மூவரும் நிற்க வேண்டும் என்பது அவர் கட்சி. கச்சேரியில் மிருதங்க வித்வான் வரவில்லையென்றால் வேறொருவரை உட்காரவைத்து, மேடையிலேயே கண்ணால் பேசிச் சமாளித்துவிடலாம். மூன்று வாரத்துக்கு மேல் ஒரே குழாய்க்குள் அடைபட்டு வாழப்போகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது என்பதுதான் அந்த விதிக்குள் இருந்த தர்க்கம்.

மருத்துவர்களின் குரலுக்கும் அப்போது கனம் அதிகம். அதற்கு முந்தைய ஆண்டுதான் சோயூஸ் 9-ல் நிகலாயெவும் செவஸ்தியானவும் ஏறக்குறைய 18 நாள் சுற்றிவிட்டு இறங்கினார்கள். தரையைத் தொட்டவர்களால் ஒழுங்காக நடக்க முடியவில்லை. எடையின்மை தசையைக் கரைக்கிறது என்ற பாடம் அன்று உறைத்தது. அதனால்தான் சல்யூட்டுக்குள் ஓடுவதற்கு ஒரு பட்டை இயந்திரம் வைத்தார்கள். அணிந்தவரை ஓயாமல் இழுத்துப்பிடிக்கும் மீள்பட்டை உடை ஒன்றையும் தைத்தார்கள். ஆரோக்கியமான உடம்புக்கே இந்தப் பாடு என்றால், நோயுள்ள நுரையீரலுக்கு?

தள்ளிப்போடவும் வழியில்லை. சல்யூட் ஆளில்லாமல் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன் ஆயுளோ நாளுக்கு நாள் கரைகிறது. அமெரிக்கர்கள் நிலவில் நடந்தாயிற்று. ஸ்கைலேப் என்ற தங்கள் நிலையத்தையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் 4. அரசு ஆணையம் கூடியது. தலைவர் கெரிம் கெரிமவ். வாதங்கள் முடிந்து தீர்ப்பு வந்தது. மாற்றுக் குழு போகும்!

விதி வென்றது. எதற்காக வென்றது என்று பாருங்கள். சேர்ந்து பழகிய குழுவைக் கலைக்கக் கூடாது என்பதற்காக, அப்படிப் பழகிய ஒரு குழுவைத் தரையில் நிறுத்தினார்கள். நான்கு மாதத்துக்கு முன் தளபதியே மாறிய ஒரு குழுவை மேலே அனுப்பினார்கள்.

கொலோதின் நொறுங்கிப்போனார். அவர் உடம்பில் எந்த நிழலும் இல்லை. எட்டு வருடக் காத்திருப்பு அடுத்தவர் எக்ஸ்ரே படத்தில் முடிந்துபோனது. மறுபக்கத்தில் தொப்ரவோல்ஸ்கிக்கும் வோல்கவுக்கும் பத்சாயெவுக்கும் இரண்டே நாள் அவகாசம். எப்போதோ என்று நினைத்திருந்த பயணம் நாளை மறுநாள்!

இந்த ஆறு பேரில் யார் அதிர்ஷ்டசாலி? ஜூன் 4 மாலையில் கேட்டிருந்தால் பைக்கனூரில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பதில் தலைகீழாக மாற இன்னும் நான்கு வாரம்கூட ஆகாது.

குபாசோவின் நெஞ்சில் இருந்த அந்த நிழல் உண்மையில் காசநோய்தானா? அதற்கும் விடை வரும், கொஞ்சம் பொறுங்கள்.

வாசலில் ஒரு வாசம்

ஜூன் 6 காலை சோயூஸ் 11 கிளம்பியது. ஒரு நாள் துரத்தலுக்குப் பிறகு, ஜூன் 7 அன்று சல்யூட் கண்ணில் பட்டது. தானியங்கிக் கருவி கலத்தை நூறு மீட்டர் தூரம்வரை கொண்டுவந்து விட்டது. மிச்சம் தொப்ரவோல்ஸ்கியின் கையில்.

சிமுலேட்டரில் எத்தனையோ முறை செய்த வேலைதான். ஆனால் அங்கே தவறினால் பயிற்றுநர் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். இங்கே எதிரே நிற்பது பதினெட்டு டன் எடையுள்ள நிஜ நிலையம். ஆறு வாரத்துக்கு முன் அனுபவசாலியான ஷதாலவ் இதே வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார். இணைப்புக் கருவியைப் பலப்படுத்தியிருப்பதாகத் தரையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். பலப்பட்டதா என்பது முட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மெல்ல நெருங்கினார். முட்டியது. பூட்டிக்கொண்டது!

இரண்டு கலங்களுக்கும் இடையே அழுத்தம் சமமாகும்வரை காத்திருந்தார்கள். முதலில் போனவர் பத்சாயெவ். கதவு திறந்தது. ஒரு விண்வெளி நிலையத்துக்குள் மனிதன் நுழைவது வரலாற்றில் அதுதான் முதல் முறை.

உள்ளே தலையை நீட்டிய பத்சாயெவின் மூக்கில் ஏறியது எரிந்த நாற்றம். நிலையத்துக்குள் புகை!

(தொடரும்)

அடுத்த வாரம்: பூமியிலிருந்து சுமார் இருநூறு கிலோமீட்டர் உயரத்தில், ஆளில்லாத வீட்டுக்குள் எது எரிந்தது? நான்கு மாதக் குழு உள்ளே நுழைந்ததா, திரும்பியதா?