சோழியின் விலை

கடற்கரைக்குச் செல்லும் பிள்ளைகள் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. சிப்பியும் சோழியும், அலைகள் தேய்த்து மழுக்கிய பச்சைக் கண்ணாடித் துண்டுகளும் சட்டைப்பை நிறைய வந்து சேரும். பின்னர் அவை படச்சட்டத்தின் ஓரத்தில் ஒட்டப்பட்டு, பெருநாளன்று உம்மம்மாவுக்கு அன்பளிப்பாகும். அந்தக் குவியலிலிருந்து ஒரு சோழியை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள். நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடிய இச்சிறு ஓடு, ஒரு காலத்தில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பணமாகப் புழங்கியது.

அப்பணத்தின் ஊற்றுக்கண் மாலத்தீவு. தென்னங்கிளைகளை நீரில் இட்டால் உயிருள்ள சோழிகள் அவற்றைப் பற்றிக்கொள்ளும் என்றும், பின்னர் அவற்றை மணலில் பரப்பி வெயிலில் காயவைத்து ஓட்டை எடுப்பர் என்றும் பத்தாம் நூற்றாண்டில் அல்மஸ்ஊதி எழுதினார். 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி நூல் இயற்றிய அல்பிரூனி, இத்தீவுகளில் ஒரு பகுதியைச் சோழித் தீவுகள் என்றும், மற்றொரு பகுதியைக் கயிற்றுத் தீவுகள் என்றும் பிரித்துக் கூறினார். 1153இல் மாலத்தீவு மன்னர் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் இவ்வணிகம் தடையின்றித் தொடர்ந்தது.

1343இல் அங்கு வந்து காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, இதனை இன்னும் நுணுக்கமாகக் கண்டார். கடலிலிருந்து எடுத்த சோழிகளைக் கரையில் குழி தோண்டிப் புதைப்பர். சதை அழுகி மறைந்தபின் வெண்ணிற ஓடு மட்டும் எஞ்சும். வங்காளத்தார் அரிசியைக் கொடுத்து அதனைப் பெற்றுச் சென்றனர். யமன் நாட்டாரோ மணலுக்குப் பதிலாகக் கப்பலின் அடிப்பாரமாக ஏற்றிக்கொண்டனர். மாலத்தீவில் ஒரு பொன் தீனாருக்கு நான்கு இலட்சம் சோழிகள் கிடைத்தன. சில ஆண்டுகள் கழித்து, 1352-53இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசுக்குச் சென்றபோது, அதே சோழி அங்கே தீனாருக்கு 1,150 என்ற விலையில் விற்பதை அவர் பார்த்தார். கடலும் பாலைவனமும் கடந்தபின் அதன் மதிப்பு ஏறத்தாழ 350 மடங்கு உயர்ந்திருந்தது.

வங்காளத்தில் இப்பணம் நெடுங்காலம் நிலைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் சில்ஹெட் மக்கள் நிலவரியைச் சோழியாகவே செலுத்தினர். ஒரு ரூபாய்க்கு 5,120 என்ற கணக்கில் எண்ணப்பட்ட சோழிகள் படகு படகாக டாக்காவுக்குச் சென்றன. ஏழை உழவனும் உப்பும் எண்ணெயும் வாங்குவதற்கு ஏற்ற சில்லறையாக அது இருந்தது.

ஆனால் வரலாற்றின் மறுபக்கம் நெஞ்சைச் சுடுவது. டச்சு, ஆங்கிலேய வணிகர்கள் மாலத்தீவுச் சோழிகளை இலங்கை, இந்தியத் துறைகளில் வாங்கி ஆம்ஸ்டர்டாமுக்கும் இலண்டனுக்கும் கொண்டு சென்றனர். அங்கிருந்து அவை மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போயின. அக்கரையில் அவற்றைக் கொண்டு வாங்கப்பட்ட சரக்குகளில் தலையாயது மனிதர்கள். 1700 முதல் 1790 வரை இவ்விரு நாட்டாரும் இவ்வாறு அனுப்பிய சோழிகள் ஏறத்தாழ 1,000 கோடி என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

இதைப் பிறர் குற்றம் என்று மட்டும் கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. சகாராவைக் கடந்து நடந்த அடிமை வணிகத்தில் முஸ்லிம் வணிகரும் ஈடுபட்டிருந்தனர். 1353இல் தாம் ஊர் திரும்பிய வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்ததை இப்னு பதூதாவே பதிவு செய்துள்ளார். அடிமையை விடுதலை செய்வதை உயர்ந்த நன்மையாகவும் பல குற்றங்களுக்குப் பரிகாரமாகவும் ஆக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர், இவ்வரிகளைத் தலைகுனிந்தே படிக்க வேண்டியிருக்கிறது. சோழி பாவமறியாதது, அதற்கு விலை வைத்தது மனிதன்.

அந்தப் பழைய வணிகம் நமக்கு இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. உயிரோடு பிடித்த சோழியே பளபளக்கும். தானாக இறந்து கரையில் ஒதுங்கியது வெயிலாலும் மணலாலும் மெருகிழந்திருக்கும். எனவே, கண்ணைப் பறிக்கும் ஓட்டைக் கடையில் காணும்போது, அதனுள் ஓர் உயிர் இருந்ததை நினைவிற் கொள்ளுங்கள். கரையில் பொறுக்கும் பிள்ளைகளுக்கு, முதலில் ஓட்டைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். உள்ளே நத்தையோ துறவி நண்டோ இருந்தால், எடுத்த இடத்திலேயே வைத்துவிடட்டும். வெற்று ஓடும் கண்ணாடித் துண்டும் போதும். மெருகு குறைந்த ஓட்டில் செய்த அன்பளிப்பு எவ்வுயிரையும் வருத்தாதது என்பதே அதன் அழகு.

கடலிலிருந்து நாம் பெறும் அணிகலன்களை அருளாக எடுத்துரைக்கும் சூரா அந்நஹ்லின் 14ஆம் வசனம், நன்றி செலுத்துதலைக் கூறியே நிறைவுறுகிறது. வேண்டிய அளவே எடுப்பதும், எடுத்ததைக் கொண்டு எவருக்கும் தீங்கிழைக்காதிருப்பதும் அந்நன்றியைச் சேர்ந்தவை. அத்தகைய நன்றியுடையோராக அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.