சூர் துறைக்குத் திரும்பிய ‘ஃபத்ஹுல் கைர்’

கடலில் செல்லும் கப்பல்களை இறைவன் தன் திருமறையில் தனது அத்தாட்சிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றான். கடலை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அவ்வாறான ஊர்களுள் ஒன்று ஓமான் நாட்டின் சூர். தலைநகர் மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், ஓர் உப்பங்கழியின் வாயிலில் அமைந்த பழந்துறை அது. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகப் பயணி இப்னு பதூதா இப்பகுதியில் கரையிறங்கித்தான், வெயிலிலும் தாகத்திலும் வாடி, அருகிலிருந்த கல்ஹாத் நகருக்குக் கால்நடையாகச் சென்றார். பின்னாளில் நம் மதுரைக்கும் வந்தவர் அவரே.

சூர் ஊரின் பெருமை ‘கஞ்சா’ என்று அரபு மாலுமிகள் அழைத்த மரக்கலம். (நம் மொழியில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்று வாசகர் நகைக்க வேண்டாம்!) இரண்டு பாய்மரங்கள், முன்புற அணியத்தின் உச்சியில் செதுக்கிய முடி, பின்புறத்தில் சித்திர வேலைப்பாடுகள் ஆகியவை அதன் அடையாளங்கள். சூர் ஓடாவிகள் வரைபடம் எதுவும் வைத்துக் கொள்வதில்லை. ஏராக்கட்டை என்னும் அடிமரத்தை நிறுத்தி, முதலில் பலகைகளைப் பொருத்தி, அதன் பின்னரே வங்குக்கால்களை உள்ளே வைத்தனர். கண்ணளவே அவர்களுக்குக் கணக்கு. தேக்கு மரமோ மலபார்க் கரையிலிருந்து சென்றது. ஆகவே சூர்க் கப்பல் ஒவ்வொன்றிலும் நம் தென்னாட்டுக் காடுகளின் பங்கு இருந்தது என்றால் அது மிகையன்று.

வாடைக் காற்று வீசும் பருவத்தில் பேரீச்சம்பழமும் உப்பும் கருவாடும் ஏற்றி, இம்மரக்கலங்கள் ஆப்பிரிக்காவின் சான்ஸிபார் வரை சென்றன. தென்மேற்குக் காற்று தொடங்கியதும் கண்டல் மரக் கழிகளையும் கிராம்பையும் சுமந்து ஊர் திரும்பின. வளைகுடா நாடுகளின் பழைய வீடுகளுக்கு விட்டமாக நின்றவை இக்கழிகளே.

வரலாறு எழுதுவோர் உண்மையை மறைத்தலாகாது. சூர்க் கப்பல்கள் சில அடிமைகளையும் ஏற்றிச் சென்றன. ஆங்கிலேயப் போர்க்கப்பல்களின் சோதனையிலிருந்து தப்புதற்பொருட்டு, சூர் நாகுதாக்கள் சிலர் பிரெஞ்சுக் கொடியை உயர்த்திச் சென்றனர். இதனால் எழுந்த வழக்கு ஹேக் நகரின் நடுவர் மன்றம் வரை சென்று, 1905 ஆகஸ்ட் 8 அன்று தீர்ப்பாயிற்று. புதிதாகப் பிரெஞ்சுக் கொடி பெறும் வழி அத்தீர்ப்பினால் பெரிதும் அடைபட்டது. அடிமையை விடுதலை செய்வதை வணக்கமாகவே போற்றும் மார்க்கத்தைப் பின்பற்றியவர்கள் இவ்வணிகத்தில் ஈடுபட்டனர் என்பது நம்மை வெட்கமுறச் செய்கிறது. கப்பலின் அழகைச் சொல்லும் போது இதனையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீராவிக் கப்பல்கள் வந்த பின் சூர் தளர்ந்தது. 1964 ஜனவரியில் சான்ஸிபாரில் நிகழ்ந்த புரட்சியில் அரபு மக்கள் பெருமளவில் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் பலர் வெளியேறினர். பல தலைமுறைகளின் கடல் வழி மூடிக் கொண்டது. பின்னர் எண்ணெய் வளம் தந்த வேலைகள் இளைஞர்களைக் கரையிலேயே நிறுத்தின. மரக்கலங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. பல மணலில் கிடந்து மக்கின.

1951ஆம் ஆண்டில் சூர் ஓடாவிகள் கட்டிய ‘ஃபத்ஹுல் கைர்’ என்ற கஞ்சாவும் கைமாறிப் போயிற்று. நன்மையின் திறப்பு என்பது அப்பெயரின் பொருள். 20 மீட்டருக்கு மேல் நீளமுடைய அக்கப்பல் ஏமன் நாட்டில் இருப்பதாக அறிந்த போது, சூரில் அவ்வகைக் கப்பல் வேறொன்றும் எஞ்சியிருக்கவில்லை. ஊரார் செய்தது என்ன? தங்களுக்குள் பணம் திரட்டினர். விலை கொடுத்து வாங்கினர். 1993ஆம் ஆண்டில் சொந்தத் துறைக்கே கொண்டு வந்து சேர்த்துச் செப்பனிட்டனர்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மஸ்கட்டில் நிற்கும் ‘சோஹார்’ என்ற கப்பலும் சூரில் கட்டப்பட்டதே. எனினும் அது 1980இல் சீனப் பயணத்திற்காகப் பழைய முறையில் புதிதாகச் செய்யப்பட்டது. ‘ஃபத்ஹுல் கைர்’ அவ்வாறன்று; சரக்கேற்றி உழைத்த கப்பல் அது. அதனால் இனி ஒரு காசும் வருமானம் இல்லை என்று தெரிந்தே ஊரார் பணம் கொடுத்தார்கள். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் வசூல் செய்து பழகிய நமக்கு, எவருக்கும் இலாபம் தராத ஒன்றுக்காக ஓர் ஊர் முழுவதையும் இணங்கச் செய்வது எத்துணைக் கடினம் என்பது தெரியும்.

சோஹார், ழஃபார் துறைகளிலிருந்து குதிரைகள் காயலுக்கு வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதினார். மரக்கலம் என்ற சொல்லையே பெயரில் தாங்கிய மரக்காயர் குடும்பங்கள் நம் கரையில் இன்றும் வாழ்கின்றன. ஓமானில் பணிபுரியும் நம் சகோதரர்கள் விடுமுறை நாளொன்றில் சூருக்குச் சென்று வரலாம். உப்பங்கழியின் ஓரம், கப்பல் கட்டும் பட்டறைக்கு அண்மையில், தரையில் முட்டுக் கொடுத்து ‘ஃபத்ஹுல் கைர்’ நிற்கிறது.