போலீஸ்காரருக்குப் பட்டப்படிப்பு எதற்கு? ஒரு நியூயார்க் கல்லூரியின் கதை

 

எம்.ஏ. வரலாறு படித்தபோது அமெரிக்க வரலாறு எங்களுக்கு ஒரு தாள். அதில் ஜான் ஜே என்பவருக்குக் கிடைத்த இடம் ஒரே வரி: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி. பிறகு நான் பாடம் நடத்திய காலத்திலும் அந்த வரியைத் தாண்ட வேண்டிய அவசியம் வரவில்லை. ஓய்வுக்குப் பிறகு விருப்பம்போலப் படிக்கிறேன் அல்லவா, அப்போதுதான் அவர் பெயரில் நியூயார்க்கில் ஒரு கல்லூரி இருப்பதும், அது போலீஸ்காரர்களுக்காகத் தொடங்கப்பட்டது என்பதும் கண்ணில் பட்டது. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது.

போலீஸ்காரருக்குப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் பழையது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஆகஸ்ட் வோல்மர் என்ற போலீஸ் தலைவர் 1908இலேயே தன் ஆட்களுக்கு ஒரு பள்ளி வைத்தார். லத்தியும் உடம்பும் போதும் என்று ஊரே நினைத்த காலத்தில் காவலர்கள் கல்லூரியில் படிக்க வேண்டும் என்று சொன்ன மனிதர். நியூயார்க்கில் இந்த எண்ணம் உருப்பெற 1954 ஆயிற்று. அந்த ஆண்டு சிட்டி காலேஜின் பரூக் வணிகவியல் பிரிவோடு சேர்ந்து காவல் அறிவியல் என்று ஒரு படிப்பு தொடங்கியது. வேலைநேரம் போக வந்து படிக்கும் காவலர்கள்தான் மாணவர்கள்.

1964இல் நகரத்தின் உயர்கல்வி வாரியம் அமைத்த குழு, இதற்கென்று தனிக் கல்லூரியே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். ஜூலை மாதம், பணியில் இல்லாத ஒரு வெள்ளைக்கார போலீஸ் லெஃப்டினன்ட் ஜேம்ஸ் பவல் என்ற 15 வயது கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்றார். ஹார்லெம் பகுதி பற்றி எரிந்தது. கலவரம் பல இரவுகள் நீடித்தது. கல்லூரி யோசனை அதற்கு முன்பிருந்தே இருந்தாலும், படித்த காவலர் வேண்டும் என்பது அந்தக் கோடைக்குப் பிறகு வெறும் நிர்வாகச் சீர்திருத்தமாக இருக்க முடியவில்லை.

1965 செப்டம்பரில் முதல் வகுப்பு. பெயர் காலேஜ் ஆஃப் போலீஸ் சயன்ஸ். முதலெழுத்துகளைச் சேர்த்தால் காப்ஸ்! போலீஸ்காரரை ஊரார் கூப்பிடும் கொச்சைப் பெயர். யாரும் யோசிக்காமல் வைத்தார்களா, சிரித்துக்கொண்டே வைத்தார்களா தெரியாது. சொந்தக் கட்டடம் கிடையாது. கிழக்கு 20ஆம் தெருவில் இருந்த போலீஸ் பயிற்சிக் கழகத்தில்தான் வகுப்புகள்.

அங்கே அவர்கள் செய்த ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காவலர்களுக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் பகல் டியூட்டி என்றால் அடுத்த வாரம் இரவு. அப்படிப்பட்டவர் திங்கள் காலை பத்து மணி வகுப்புக்கு ஒழுங்காக வர முடியுமா? அதனால் பகலில் நடத்திய பாடத்தையே மாலையிலும் நடத்தினார்கள். எந்த நேரம் முடிகிறதோ அந்த நேரம் வந்து உட்காரலாம்; பாடம் விட்டுப்போகாது. கால அட்டவணை போட்டுப் பழகியவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். ஒரே பாடத்தை ஒரே நாளில் இரண்டு முறை, அதே வேகத்தில், அதே இடத்தில் நிறுத்தி நடத்த வேண்டும். ஆனால் மாணவரின் வாழ்க்கைக்குக் கல்லூரி வளைந்துகொடுத்தது. அந்தக் கல்லூரி தொடக்கத்தில் வளர்ந்ததற்கு இதை முக்கியமான காரணமாக நான் நினைக்கிறேன்.

பெயரும் சீக்கிரமே மாறியது. ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரி என்று ஆயிற்று. காவல் என்பது போய் நீதி என்ற சொல் உள்ளே வந்தது. ஜான் ஜேயும் லேசுப்பட்ட ஆள் இல்லை: அடிமைகளை வைத்திருந்தவர், அதே மனிதர் நியூயார்க் மாநில ஆளுநராக இருந்தபோது, 1799இல், அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தக் கல்லூரியின் பிற்காலக் கதைக்கு இந்த முரண்பட்ட மனிதரின் பெயர் பொருத்தமாகத்தான் அமைந்தது.

அடுத்து வந்தது பணம். 1967இல் அமெரிக்க அதிபர் அமைத்த ஆணையம், காவலர் எல்லோரும் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்பதே இறுதி இலக்கு என்றது. 1968இல் வந்த சட்டத்தின் கீழ், படிக்கும் காவலர்களுக்கு மத்திய அரசு கடனும் உதவித்தொகையும் கொடுத்தது. உடனே நாடு முழுக்கக் கல்லூரிகள் காவல் படிப்பைத் திறந்தன. பல இடங்களில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்து தன் பழைய வழக்குக் கதைகளைச் சொல்லிவிட்டுப் போவதே பாடமாக இருந்தது. 1978இல் லாரன்ஸ் ஷெர்மன் என்ற ஆய்வாளர் தயாரித்த அறிக்கை இதைக் கடுமையாகக் கண்டித்தது. நம் ஊரில் திடீர் திடீரென்று முளைத்த பொறியியல் கல்லூரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

ஜான் ஜே அந்த வழியில் போகாததற்குக் காரணம், 1970இல் நடந்த ஒரு விஷயம். ஜான் ஜே, சிட்டி யூனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க் என்ற பொதுப் பல்கலைக்கழகத்தின் உறுப்பு. சுருக்கமாக கியூனி என்பார்கள். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் நியூயார்க் யூனிவர்சிட்டி வேறு. கியூனியில் படிப்பு இலவசம், ஆனால் சேர மதிப்பெண் வேண்டும். அதனால் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே நிறைந்திருந்தார்கள். 1969இல் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் சிட்டி காலேஜ் வளாகத்தை மூடிப் போராடினார்கள். விளைவாக அடுத்த ஆண்டே, நகரத்தின் உயர்நிலைப் பள்ளியை முடித்த எவருக்கும் கியூனியில் இடம் உண்டு என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஜான் ஜேயில் இதன் விளைவை நினைத்துப் பாருங்கள். அதுவரை வகுப்பில் இருந்தவர்கள் முப்பது, நாற்பது வயது போலீஸ்காரர்கள்; சிலர் டியூட்டி முடிந்து இடுப்பில் துப்பாக்கியோடு நேரே வகுப்புக்கு வந்தவர்கள். இப்போது பக்கத்து நாற்காலியில் பதினெட்டு வயதுப் பையனும் பெண்ணும். வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள், தங்கள் தெருவில் போலீஸ் நடந்துகொண்ட விதத்தை நேரில் கண்டவர்கள். ஊர்வலத்தில் எதிரெதிரே நின்றிருக்கக்கூடிய இருவர் ஒரே சமூகவியல் பாடத்துக்கு நோட்ஸ் எடுத்தார்கள். அந்த வகுப்பில் சும்மா பழைய வழக்குக் கதை சொல்லிக் காலம் தள்ள முடியுமா?

மாணவர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அதற்கு ஏற்ப இலக்கியம், வரலாறு, தத்துவம், உளவியல் என்று இளம் பேராசிரியர்களை எடுத்தார்கள். போலீஸ் துறையிலிருந்து வந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் லாயிட் சீலி. ஹார்லெம் கலவரம் முடிந்த கையோடு, 1964 ஆகஸ்டில், அந்தப் பகுதியின் 28ஆம் காவல் சரகத்துக்குப் பொறுப்பேற்றவர். நியூயார்க்கில் ஒரு சரகத்துக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பின அதிகாரி. பிறகு இங்கே பேராசிரியரானார். கல்லூரி நூலகம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

பிறகு அடி விழுந்தது. 1975இல் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. ஏறத்தாழ 5,000 போலீஸ்காரர்களை ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கினார்கள். கல்லூரியின் மாணவர்கள் யார் என்று நினைத்தால், இதன் வலி புரியும். 1976இல் கியூனி வேந்தர் ராபர்ட் கிபி வைத்த திட்டத்தில் ஜான் ஜே தனிக் கல்லூரியாக நீடிக்க இடமில்லை; பரூக்கோடு சேர்த்துவிடலாம் என்றார்கள். தொடங்கி பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது.

அப்போது வகுப்பில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தவர்கள் சேர்ந்து தெருவுக்கு வந்தார்கள். போலீஸ்காரர்களும் தலைமுடி வளர்த்த பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒன்றாகக் கல்லூரியைக் காப்பாற்றுங்கள் என்று நின்றார்கள். அப்போது பொறுப்பில் இருந்தவர் கெரால்ட் லிஞ்ச். பின்னர் 2004 வரை அவரே தலைவர். கல்லூரி பிழைத்தது. ஆனால் விலை கொடுத்துத்தான். குற்றவியல் நீதியோடு நேரடித் தொடர்பில்லாத பட்டப்படிப்புகளை விட்டுவிட வேண்டியதாயிற்று. ஆங்கில இலக்கியம், வரலாறு எல்லாம் துணைப்பாடமாக நின்றனவே தவிர, அவற்றில் முதன்மைப் பட்டம் இல்லை. அதே 1976 கோடையில் பணமில்லாமல் கியூனி முழுவதும் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. 1847 முதல் 129 ஆண்டுகள் இலவசமாக இருந்த படிப்புக்குக் கட்டணம் வந்தது. கதவு எல்லோருக்கும் திறந்து ஆறே வருடத்தில் வாசலில் உண்டியலை வைத்துவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகள் உள்ளே வந்த பிறகுதானா இது நடக்க வேண்டும் என்று அன்று பலர் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

அதன் பிறகான இருபத்தைந்து வருடத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். தடய அறிவியல், தடய உளவியல், தீயணைப்பு அறிவியல், பொது நிர்வாகம் என்று படிப்புகள் கூடின. முதுகலையும், கியூனியின் பட்டமேற்படிப்பு மையத்தோடு சேர்ந்து முனைவர் பட்டமும் வந்தன. பழைய செருப்பு ஆலை, 1900களின் தொடக்கத்தில் கட்டிய பள்ளிக்கூடம் என்று கிடைத்த கட்டடங்களில் கல்லூரி பரவியது. 2001 செப்டம்பர் 11 அன்று இறந்த தீயணைப்பு வீரர்களிலும் காவலர்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்தக் கல்லூரியோடு தொடர்புள்ளவர்கள்.

2004இல் ஜெரமி டிராவிஸ் தலைவரானார். சிறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதையே தன் ஆய்வாகக் கொண்டவர். போலீஸ் கல்லூரிக்கு இப்படி ஒரு தலைவர்! அவர் காலத்தில்தான் 1976இல் போன பாடங்கள் திரும்பி வந்தன: ஆங்கிலம், தத்துவம், வரலாறு, பொருளாதாரம் எல்லாம் மறுபடியும் முதன்மைப் பட்டங்கள் ஆயின. முழுநேரப் பேராசிரியர்களை அதிகமாக எடுத்தார்கள். 2011இல் பெரிய புதுக் கட்டடம் திறந்தது. மாணவர் எண்ணிக்கை 15,000ஐ ஒட்டி வந்தது. அதே ஆண்டு ஓட்டிஸ்வில் சிறையில் கைதிகளுக்கு வகுப்பு தொடங்கினார்கள். விடுதலையானதும் அவர்கள் கல்லூரியில் சேர்ந்து படிப்பைத் தொடரலாம்.

எல்லாம் ஏறுமுகம் என்று சொல்ல மாட்டேன். இதே காலத்தில் இரண்டாண்டு அசோசியேட் பட்டத்துக்குச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். தரம் உயர்ந்தது என்றார்கள், உயர்ந்தும் இருக்கலாம். பள்ளியில் பின்தங்கிய பிள்ளை முன்பு நேரே உள்ளே வர முடிந்தது. இப்போது முதலில் ஒரு சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு வர வேண்டும். அதற்குத் தனி ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வாசலைத் தள்ளிவைத்தது தள்ளிவைத்ததுதான்.

இன்னொன்று, ஆசிரியர்கள். புதிய பட்டங்கள், புதிய கட்டடம் எல்லாம் அறிக்கையில் அழகாக இருக்கும். ஆனால் கியூனி முழுக்க வகுப்புகளில் பெரும்பங்கைச் சுமப்பவர்கள் பாடக்கணக்கில் சம்பளம் வாங்கும் பகுதிநேர ஆசிரியர்கள். ஒரு கல்லூரியில் காலை வகுப்பு, இன்னொன்றில் மாலை வகுப்பு என்று ரயிலேறி ஓடுகிறவர்கள். நம் அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சேர்க்கை கூடியது என்று எந்தக் கல்லூரி விளம்பரம் கொடுத்தாலும் நான் தேடுவது நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்ற வரியைத்தான். அந்த வரி பெரும்பாலும் இருக்காது.

சரி, படித்த போலீஸ்காரர் வித்தியாசமாக நடந்துகொள்கிறாரா? 2010இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு, கைது செய்வதிலும் சோதனை போடுவதிலும் கல்லூரிப் படிப்பு வித்தியாசம் காட்டவில்லை, ஆனால் படித்தவர்கள் பலத்தைப் பயன்படுத்துவது குறைவாக இருந்தது என்று கண்டது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. கை ஓங்குவதற்கு முன் ஒரு நொடி தயங்குவதால் ஒரு வீட்டில் பிள்ளை உயிரோடு திரும்பி வரலாம்.

ஆனால் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. நியூயார்க் போலீஸில் சேர 60 கிரெடிட், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று இருந்தது. ஆள் கிடைக்கவில்லை என்று 2025 பிப்ரவரியில் அதை 24 ஆகக் குறைத்துவிட்டார்கள். விண்ணப்பங்கள் உடனே கூடின. பத்தாவது டியூஷன் வகுப்பு எடுக்கக் கிளம்ப வேண்டும், மீதியைக் கமென்ட்டில் பேசுவோம். காவல்துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் இதைப் படித்தால், வேலையில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் டிகிரி முடித்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள். அந்தப் படிப்பு ஸ்டேஷனில் எங்கே கைகொடுத்தது, எங்கே கொடுக்கவில்லை என்று உங்கள் வாயால் கேட்க வேண்டும்.