மரப்பொம்மைக் கிராமங்களும் கட்டடப் பொம்மைகளும் (ஜெர்மனி)

வீடு, தேவாலயம், மரம், வேலி, கால்நடை, ஆட்கள் ஆகியவற்றைச் சிற்றளவில் மரத்தில் செய்து, மெல்லிய மரச்சீவலால் ஆன பெட்டியில் அடைத்து விற்ற விளையாட்டுத் தொகுப்பே மரப்பொம்மைக் கிராமம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பரவலாக விற்றது. முதன்மை உற்பத்தியிடங்களில் ஒன்று, ஜெர்மனியின் சாக்சனியில் செக் எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதி. அதிலும் சைஃபன் என்னும் ஊர்.

சைஃபன் வெள்ளீயச் சுரங்க ஊர். கனிமம் குறையத் தொடங்கியதும் மக்கள் மரக்கடைசலுக்கு மாறினர். தாதுவை இடிக்கப் பயன்பட்ட நீர்விசை கடைசல் பட்டறைகளைச் சுழற்றியது. முதலில் தட்டும் பொத்தானும் கடைந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பொம்மைகள் சேர்ந்துகொண்டன. வியாபாரி ஒருவர் தள்ளுவண்டியில் பொம்மைகளை ஏற்றி லைப்சிக் சந்தைக்கு நடந்தே சென்றார் என்று ஒரு செய்தி வழங்கிவருகிறது. சுரங்கம் 1849இல் மூடப்பட்டது.

இப்பகுதியின் தனித்தொழில் வளையக் கடைசல். இது 1800ஐ ஒட்டி உருவானது என்பர். இன்னாரே கண்டுபிடித்தார் என்பதற்குச் சான்றில்லை. ஈரம் காயாத ஸ்ப்ரூஸ் மரத்தைக் குறுக்கே வட்டமாக அறுத்து, கடைசல் எந்திரத்தில் பொருத்தி, ஒரு பக்கம் கடைந்து முடித்தபின் திருப்பி மறுபக்கம் கடைவார்கள். கிடைப்பது மேடுபள்ளம் நிறைந்த ஒரு வளையம். பார்த்தால் ஏதோ சட்டத்தின் துண்டு போலிருக்கும். அதைப் பூசணிக் கீற்றுப் போடுவதுபோல் கத்தியும் சுத்தியலும் கொண்டு பிளந்தால், ஒவ்வொரு கீற்றின் வெட்டுமுகத்திலும் ஒரு பசுவோ குதிரையோ யானையோ நிற்கும். கடைகிறவர் வேலை முடியும்வரை விலங்கின் உருவத்தைப் பார்ப்பதில்லை. உளியை எவ்வளவு ஆழம் செலுத்தினோம் என்ற கைப்பழக்கமே அவருக்குத் துணை. ஒரு வளையத்தில் பல பத்து விலங்குகள் கிடைக்கும். பிறகு ஓரங்களைச் செதுக்கி, காது, கொம்பு, வால் ஒட்டி, வண்ணம் தீட்டுவார்கள். இந்தப் பிற்பகுதி வேலை வீடுகளில் நடந்தது. குழந்தைகளும் தூரிகை பிடித்தார்கள். விலை மலிவாக இருந்ததன் காரணமும் அதுவே.

வீடுகளுக்கு வேறு வழி: கூரைச் சரிவோடு இழைத்த நீண்ட கட்டையைத் துண்டுதுண்டாக அறுத்தால் வரிசையாக வீடுகள் வந்துவிடும், கதவு சன்னல்களைத் தீட்டினால் போதும். அளவுப் பொருத்தம் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வாசலில் நுழைய முடியாத பசு பல தொகுப்புகளில் உண்டு. 1779இல் கட்டி முடிக்கப்பட்ட சைஃபனின் எண்கோணத் தேவாலயம் மட்டும் பொம்மையிலும் எண்கோணமாகவே இருப்பது குறிப்பிடத்தக்கது.

நியூரம்பெர்க் வணிகர்கள் வாங்கிப் பல நாடுகளுக்கு அனுப்பியதால், எங்குச் செய்த பொம்மையும் நியூரம்பெர்க் சரக்கென்றே பெயர் பெற்றது. பெர்ஷ்டெஸ்காடன், குரோடன் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களிலும் மரப்பொம்மைத் தொழில் இருந்தது. எனவே பழைய பெட்டியொன்றின் பிறப்பிடம் பெரும்பாலும் ஊகமே. வணிகர்களின் வண்ணம் தீட்டிய மாதிரிப் புத்தகங்கள் ஓரளவு உதவுகின்றன. இத்தகைய பொம்மைத் தொகுப்புகளான நோவாவின் பேழை, கிராமம், பண்ணை ஆகியவற்றுள் பேழைக்கு இங்கிலாந்தில் தனி மதிப்பு: விவிலியம் சார்ந்தது என்பதால் ஞாயிற்றுக்கிழமையிலும் விளையாட அனுமதி கிடைத்தது.

குழந்தையே கட்டி எழுப்பும் பொம்மை வேறொரு மரபு. கிண்டர்கார்டனைத் தோற்றுவித்த ஃபிரீட்ரிக் ஃபுரோபெல், 1830களின் பிற்பகுதியில் மரக் கனசதுரங்களைக் கற்றல் கருவிகளாக்கினார். இவற்றை 1876 பிலடெல்பியா பொருட்காட்சியில் பார்த்த தாய் தனக்கு வாங்கித்தந்ததாகக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் எழுதியுள்ளார். அவரது கட்டடங்களில் இவற்றின் தாக்கம் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. பின்னாளில் பறத்தல் முயற்சிகளால் புகழ்பெற்ற ஓட்டோ லீலியந்தாலும் தம்பி குஸ்டாவும் குவார்ட்ஸ் மணல், சுண்ணத்தூள், ஆளிவிதை எண்ணெய் கலந்து கட்டைகள் செய்தனர். அவற்றைச் செய்யும் உரிமையை வாங்கிய ரிக்டர் என்ற தொழிலதிபர், ஜெர்மனியின் ருடோல்ஸ்டட்டில் ‘நங்கூரக் கற்கள்’ என்று அவற்றைச் செய்து விற்றார். செங்கல், மணற்கல், பலகைக்கல் நிறங்கள் இருந்தன. ரைட்டின் மகன் ஜான், அமெரிக்காவில் மரக்கட்டை வீடுகட்டும் ‘லிங்கன் லாக்ஸ்’ பொம்மையை உருவாக்கினார்.

சைஃபனில் 1953இல் பொம்மை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நங்கூரக் கற்களின் உற்பத்தி 1963இல் நின்று 1995இல் மீண்டும் தொடங்கியது. வளையக் கடைசல் இன்றும் சிலரால் செய்யப்படுகிறது. பழைய தொகுப்புகளைச் சேகரிப்போர் உள்ளனர். எனினும் ஒரே பெட்டியில் இன்று காணப்படும் துண்டுகள் அனைத்தும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவை எனக் கொள்ள இயலாது.